நீம் நகரின் ரோமானியச் சின்னங்களைக் காணச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் பிரான்சுக்குப் புறப்படும் நண்பர்களும் உறவினர்களும் நீம் நகரைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, அவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன். நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், அவற்றைப் பயணத்துக்கு முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீம் எங்கே இருக்கிறது? பாரிசிலிருந்து எப்படிப் போவது?

மத்தியதரைக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, மொன்பெலியேவுக்கும் ஆர்லுக்கும் இடையில் நீம் அமைந்திருக்கிறது. கார் என்னும் மாவட்டத்தின் தலைநகரம் இது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வாழ்கிறார்கள். பாரிசின் லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். மொன்பெலியேவிலிருந்தும் ஆர்லிலிருந்தும் ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம்தான்.

நகர மைய நிலையத்தில் இறங்கிவிட்டால் வண்டி எதுவும் தேவையில்லை. நிலையத்தின் எதிரே நேராகச் செல்லும் மரநிழல் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் ரோமானிய அரங்கின் முன் நிற்பீர்கள்.

பயணச்சீட்டில் ‘நீம் பொன் து கார்’ என்று நிலையத்தின் பெயர் போட்டிருக்கிறது. அங்கே இறங்கினால் அந்தப் பெயருள்ள புகழ்பெற்ற ரோமானிய நீர்வழிப் பாலத்துக்கு நடந்தே போய்விடலாமா?

போக முடியாது. இந்தப் பெயரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் புதிய நிலையம் நகரத்துக்கு வெளியே, சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், மாந்துயேல் என்னும் ஊரின் அருகில் இருக்கிறது. பாலமும் அங்கிருந்து வெகு தொலைவு. நகர மையமும் நடக்கும் தொலைவில் இல்லை. நல்ல வேளையாக, அதே நிலையத்திலிருந்து மைய நிலையத்துக்கு உள்ளூர் ரயில் பத்து நிமிடத்துக்குள் வந்து சேர்கிறது. முன்பதிவு செய்யும்போது ‘நீம் சாந்த்ர்’ என்ற மைய நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. அதற்கு ரயில் கிடைக்காவிட்டால் மட்டும் இணைப்பு ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு புதிய நிலையத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

பாரிசுக்காக வாங்கிய விசா நீமுக்கும் செல்லுமா?

செல்லும். குறுகிய கால ஷெங்கன் விசாவுக்குப் பிரான்சின் ஐரோப்பிய நிலப்பகுதி முழுவதும் ஒன்றுதான். பிரிட்டனில் வாழும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரிட்டனின் வதிவிட அனுமதி பிரான்சுக்குள் நுழையப் போதாது, ஷெங்கன் விசாவைத் தனியாக எடுக்க வேண்டும்.

ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா, தங்க வேண்டுமா?

நகருக்குள் இருக்கும் முக்கியமான கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் இருப்பதால், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் அவற்றை வெளியிலிருந்து பார்த்துவிடலாம். ஆனால் நீமின் சிறப்பு ஒரு தனிக் கட்டடத்தில் இல்லை. ஊற்று, வாய்க்கால், நீர்த்தொட்டி, கோயில், அரங்கு, மதில் என்று ஒரு ரோமானிய நகரம் இயங்கிய முறை முழுவதையும் கால்நடையாகவே தொடர்ந்து பார்க்க முடிகிறது என்பதில் இருக்கிறது. அதற்கு இரண்டு இரவுகள் தங்குவது நல்லது. ஒரு முழு நாளை நகரத்துக்கும், மறுநாளைப் பொன் து கார் பாலத்துக்கும் ஒதுக்குங்கள்.

ரோமர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? இங்கே ஆறுகூட இல்லையே?

ஆறு இல்லை, ஆனால் ஊற்று இருக்கிறது. சுண்ணாம்புக்கல் குன்றின் அடிவாரத்தில் பொங்கும் அந்த ஊற்றைச் சுற்றி, ரோமர்கள் வருவதற்கு முன்பே வோல்க்கே அரெகோமிக்கி என்னும், ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதியின் பழைய பெயர்) இனத்தவர் குடியிருந்தார்கள். ஊற்றின் தெய்வத்துக்கு நெமாவ்சுஸ் என்று பெயர். நகரத்துக்கும் அந்தப் பெயரே அமைந்தது. பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியையும் ஸ்பெயினையும் தரைவழியாக இணைக்க ரோமர்கள் அமைத்த தொமீசியா நெடுஞ்சாலை இவ்வழியே சென்றது. நீரும் சாலையும் சேர்ந்த இடம் என்பதால் ஊர் விரைவாக வளர்ந்தது.

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் எழுப்பப்பட்டது. அந்த மதிலின் வாயில்களில் ஒன்றான அகஸ்டஸ் வாயில் இன்றும் நிற்கிறது. நடுவில் வண்டிகளுக்கு இரண்டு பெரிய வளைவுகளும் பக்கங்களில் நடந்து செல்பவர்களுக்கு இரண்டு சிறிய வளைவுகளும் உள்ளன. பயணிகள் பலர் இதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். தெருவோரத்தில் நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நகரத்தில் எங்கு பார்த்தாலும் முதலை உருவம் இருக்கிறதே, ஏன்?

நடைபாதையில் பதித்த உலோக வட்டங்களிலும் சந்தைச் சதுக்கத்தின் நீரூற்றிலும் நீங்கள் காணும் முதலை, ரோமானியக் காலத்து நாணயத்திலிருந்து வந்தது. நீமில் அச்சிட்ட அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் அகஸ்டஸும் அவருடைய தளபதி அக்ரிப்பாவும் எதிரெதிர்த் திசையை நோக்கியிருக்கிறார்கள். மறுபக்கத்தில் பனை வகை மரம் ஒன்றில் சங்கிலியால் கட்டிய முதலை இருக்கிறது. பொ.ஆ.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் கிளியோபாட்ராவையும் ஆன்டனியையும் வென்று எகிப்தைக் கைப்பற்றியதன் அடையாளம் அது. 1535இல் மன்னர் முதலாம் பிரான்சுவா இதையே நகரின் சின்னமாக அணிய அனுமதித்தார். இன்று நாம் காணும் எளிமையான வடிவம் 1980களில் வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் வரைந்தது.

எதை முதலில் பார்ப்பது? எல்லோரும் அரங்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நிலையத்திலிருந்து வரும் வழியில் முதலில் கண்ணில் படுவது அரங்கு என்பதால் அப்படி நடக்கிறது. நான் எப்போதும் எதிர்த்திசையைத்தான் பரிந்துரைப்பேன். காலையில் முதலில் ஃபோந்தேன் பூங்காவுக்குச் சென்று ஊற்றைப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் குன்றின் மேல் நிற்கும் தூர் மான்ய் கோபுரத்துக்கு ஏறிவிடுங்கள். பிறகு இறங்கி நீர்த்தொட்டி, மெசோன் கார்ரே கோயில், அரங்கு, இறுதியாக அதன் எதிரேயுள்ள ரொமானித்தே அருங்காட்சியகம் என்று வந்தால், நகரம் பிறந்த வரிசையிலேயே நீங்களும் நடந்திருப்பீர்கள். அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பவர்களுக்கு அங்கிருக்கும் கல்வெட்டுகளும் தூண்களும் தனித்தனிப் பொருள்களாகவே தெரியும். இடங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தவை என்பது உடனே விளங்கும்.

அரங்கு, மெசோன் கார்ரே, தூர் மான்ய் மூன்றுக்கும் சேர்த்துக் கூட்டு நுழைவுச்சீட்டு உண்டு. மூன்றையும் பார்க்கப் போகிறவர்கள் அதையே வாங்குங்கள்.

பூங்காவில் ‘டயானா கோயில்’ என்று ஒரு இடிபாடு இருக்கிறது. அது உண்மையில் கோயில்தானா?

பெயர் பழக்கத்தில் வந்தது. அது டயானாவின் கோயில் என்பதற்குச் சான்று இல்லை. ஊற்றைச் சுற்றி அகஸ்டஸ் வழிபாட்டுக்காக அமைந்த பெரிய வளாகத்தின் ஒரு பகுதி அது என்பது தெளிவு. நூலகமாக இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இடைக்காலத்தில் கன்னியர் மடமாகப் பயன்பட்டு, 16ஆம் நூற்றாண்டின் மதப்போர்களில் சேதமடைந்தது. கல் வளைவுகளால் ஆன கூரையின் எஞ்சிய பகுதியை அண்ணாந்து பாருங்கள். வளைவுகளைப் பக்கத்தில் பக்கமாக அடுக்கிக் கூரை அமைத்த முறை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

பூங்காவை 1745 முதல் பதினைந்தாம் லூயியின் இராணுவப் பொறியாளர் மரெஷால் அமைத்தார். ஊற்று நீரை ஒழுங்குபடுத்தத் தோண்டியபோதுதான் ரோமானிய அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவர் தம் நீர்நிலைகளை அவற்றின் மேலேயே வகுத்தார். பூங்காவுக்கும் இடிபாட்டுக்கும் கட்டணம் இல்லை. தூர் மான்ய் கோபுரத்துக்குள் ஏற மட்டும் சீட்டு வேண்டும்.

தூர் மான்ய் சிதைந்த கோபுரம்தானே? அவ்வளவு தூரம் ஏறுவது வீண் இல்லையா?

வீண் இல்லை. கால் இனத்தவர் கட்டிய பழைய கோபுரத்தைச் சுற்றி, அதை உள்ளடக்கிக்கொண்டு, அகஸ்டஸ் காலத்தில் இந்தப் பெரிய கோபுரம் எழுந்தது. மதிலின் மிக உயர்ந்த இடத்தில், தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு நகரத்தின் பெருமையை அறிவிக்கும்படி அதை நிறுத்தினார்கள். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 32 மீட்டர் உயரம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரோக்கா என்னும் தோட்டக்காரர், இங்கே புதையல் இருக்கிறது என்று நம்பி, மன்னர் நான்காம் ஹென்றியின் அனுமதியோடு கோபுரத்தின் உட்புறத்தைத் தோண்டினார். புதையல் கிடைக்கவில்லை, உள்ளேயிருந்த பழைய கால் கோபுரம் அழிந்தது. அதன் அச்சு வெற்றிடமாக இன்றும் உள்ளே தெரிகிறது. உச்சியிலிருந்து நகரம் முழுவதையும், தெளிவான நாளில் தொலைவிலுள்ள மலைகளையும் காணலாம்.

அரங்கு ரோமிலுள்ள கொலோசியத்தைவிடச் சிறியது. கொலோசியத்தைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டுமா?

அவர்கள்தாம் அவசியம் பார்க்க வேண்டும். இது 133 மீட்டர் நீளமும் 101 மீட்டர் அகலமும் 21 மீட்டர் உயரமும் கொண்டது. கொலோசியத்தின் நீளம் 188 மீட்டர். ஆனால் கொலோசியத்தின் வெளிச்சுவரில் பெரும்பகுதி இடிந்துவிட்டது. நீமில் இரண்டு அடுக்கு வளைவுகளும், ஒவ்வோர் அடுக்கிலும் 60 வளைவுகளாக, சுற்றுமுழுதும் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு மேலுள்ள உச்சிச் சுவரில், பார்வையாளர்களுக்கு நிழல் தரும் துணிப்பந்தலின் கம்பங்களைச் செருகத் துளையிட்ட கல் தாங்கிகளையும் காணலாம். கொலோசியத்தில் கற்பனை செய்ய வேண்டியதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

முதல் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இந்த அரங்கின் 34 வரிசைகளில் சுமார் 24,000 பேர் அமர்ந்தார்கள். யார் எங்கே உட்காருவது என்பது சமூகத் தகுதியைப் பொறுத்தது. ரோன், சோன் ஆறுகளின் படகோட்டிகளுக்கு நகர மன்றம் இருக்கை ஒதுக்கியதைச் சொல்லும் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அவரவர் வரிசைக்கு அவரவர் வழியாகச் சென்று சேரும்படி உள்நடைகளையும் படிகளையும் வகுத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் நடுவெளியைப் பார்க்க விரையாமல், தரைத்தள நடைவழியில் ஒரு முறை சுற்றி வாருங்கள். கூட்டத்தைப் பிரித்துச் செலுத்திய அந்த ஏற்பாடுதான் இந்தக் கட்டடத்தின் மூளை.

இவ்வளவு முழுமையாக எஞ்சியதற்குக் காரணம் அது என்றுமே கைவிடப்படவில்லை என்பதுதான். ரோமருக்குப் பின் விசிகோத்துகள் அதைக் கோட்டையாக்கினார்கள். இடைக்காலத்தில் உள்ளே வீடுகளும் தேவாலயங்களும் எழுந்து ஒரு சிற்றூரே உருவானது. 18ஆம் நூற்றாண்டிலும் நூற்றுக்கணக்கானோர் அங்கே குடியிருந்தார்கள். 1786இல்தான் வீடுகளை அகற்றும் பணி தொடங்கியது.

மெசோன் கார்ரே உள்ளே ஒன்றுமே இல்லை என்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் போதாதா?

உள்ளே பழைய சிலைகளோ பலிபீடமோ இல்லை என்பது உண்மை. நேரம் குறைவாக இருந்தால் வெளியே நின்று பார்ப்பதே போதும். ஆனால் நன்றாகப் பாருங்கள். ஏறத்தாழ 26 மீட்டர் நீளமும் 13.5 மீட்டர் அகலமும் கொண்ட இந்தக் கோயிலில் மொத்தம் 30 தூண்கள். முன்மண்டபத்தில் பத்துத் தூண்கள் தனித்து நிற்கின்றன. மற்ற இருபதும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். கூரை விளிம்பை ஒட்டிச் செல்லும் இலைக்கொடிச் செதுக்கு, மாலை வெயில் சாய்வாக விழும்போது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

முகப்பில் தூண்களுக்கு மேலே சிறு துளைகள் வரிசையாக இருப்பதைக் கவனியுங்கள். அங்கே வெண்கல எழுத்துகள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருந்தன. எழுத்துகள் இடைக்காலத்திலேயே மறைந்துவிட்டன. நீமைச் சேர்ந்த அறிஞர் ழான் பிரான்சுவா செகியே 1758இல் அந்த ஆணித் துளைகளின் அமைப்பை மட்டும் வைத்து வாசகத்தை மீட்டெடுத்தார். அகஸ்டஸின் பேரர்களும் வளர்ப்பு மகன்களுமான கையுஸ், லூசியுஸ் என்னும் இருவருக்கும், ‘இளைஞர்களின் தலைவர்கள்’ என்ற பட்டத்தோடு, கோயில் அர்ப்பணிக்கப்பட்டதை அது சொன்னது. லூசியுஸ் பொ.ஆ. 2இலும் கையுஸ் பொ.ஆ. 4இலும் இளம் வயதிலேயே இறந்தார்கள். கோயில் எழுந்ததும் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான்.

அரங்கைப் போலவே இதுவும் பயன்பாட்டால் பிழைத்தது. வீடு, குதிரைலாயம், அகஸ்டீன் துறவிகளின் தேவாலயம், அரசு ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று பல வேடங்களைத் தாங்கியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குத் தாமஸ் ஜெபர்சன் இதையே மாதிரியாகக் கொண்டார். அப்போது அவர் இதைப் படங்களில் மட்டுமே பார்த்திருந்தார், நேரில் வந்தது 1787இல்.

தமிழ்நாட்டில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றனவே. அவற்றுக்கும் நீமுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

முதலைச் சின்னம் பொறித்த நாணயம் கால் நிலப்பகுதியில் புழங்குவதற்கான செம்பு வகைக் காசு. நம்மூருக்கு மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்தவை பெரும்பாலும் வெள்ளித் தெனாரியஸ்களும் பொற்காசுகளும். ஆனால் வேறொரு வழியில் தொடர்பு இருக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தென்னிந்தியப் புதையல்களில் கிடைத்த அகஸ்டஸின் தெனாரியஸ்களில் மிகுதியானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றின் ஒரு பக்கத்தில் அகஸ்டஸின் தலை. மறுபக்கத்தில் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கும் இரண்டு இளைஞர்கள். அவர்கள்தாம் கையுஸும் லூசியுஸும். அங்கும் ‘இளைஞர்களின் தலைவர்கள்’ என்ற அதே பட்டம் சுருக்க எழுத்துகளில் பொறித்திருக்கிறது. அந்தக் காசுகளை அச்சிட்டது நீமுக்கு வடக்கேயுள்ள லியோன் நகரத்தில். கொங்குப் பகுதியின் புதையல்களில் கிடைத்த காசிலும் மெசோன் கார்ரேயின் முகப்பிலும் இருப்பது ஒரே இருவரின் பெயர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமானிய நாணயங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள், அந்த ஆணித் துளைகளின் முன் சிறிது நேரம் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

காஸ்டெல்லும் என்பது வெறும் வட்டத் தொட்டி. அதை ஏன் எல்லா வழிகாட்டிகளும் குறிப்பிடுகிறார்கள்?

ரோமானிய நகரம் ஒன்றில் நீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைக் காட்டும் இடங்கள் உலகில் மிகச் சில. பொம்பெயியில் ஒன்று, நீமில் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு அரிது. வாய்க்கால் வழியாக வந்த நீர் இந்தத் தொட்டியில் விழுந்து, சுவரிலுள்ள பத்துத் துளைகளின் வழியாக ஈயக் குழாய்களில் பிரிந்து, குளியலகங்களுக்கும் தெரு நீரூற்றுகளுக்கும் செல்வந்தர் வீடுகளுக்கும் சென்றது. 1844இல் வெளிப்பட்ட இது லாம்பேஸ் தெருவோரத்தில், கட்டணமின்றிக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்கும்படி இருக்கிறது. மறுநாள் பொன் து கார் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. அந்தப் பெரும் பாலம் கட்டப்பட்டதே இந்தச் சிறு தொட்டிக்கு நீர் கொண்டுவரத்தான்.

பொன் து கார் பாலத்துக்குக் கார் இல்லாமல் போக முடியுமா?

முடியும். நீம் மைய நிலையத்தின் பின்புறமுள்ள பேருந்து நிலையத்திலிருந்து லியோ என்னும் வட்டாரப் பேருந்து செல்கிறது. பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே புறப்படுங்கள். அங்கே குறைந்தது அரை நாள் தேவை: பாலத்தைக் கடந்து இரு கரைகளிலிருந்தும் பார்க்க வேண்டும், பாலத்தின் அருகிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் வாய்க்கால் கட்டிய முறையை அறிய வேண்டும். கோடையில் கார்தோன் ஆற்றில் பலர் நீந்துகிறார்கள். நீங்கள் நடந்து கடப்பது ரோமானியப் பாலத்தின் மீதல்ல, 18ஆம் நூற்றாண்டில் அதை ஒட்டிக் கட்டிய சாலைப் பாலத்தின் மீது. மேலடுக்கின் நீர்வழிக்குள் செல்ல, பருவகாலத்தில் வழிகாட்டியோடு செல்லும் சுற்றில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊற்று இருக்கும் ஊருக்கு 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏன் நீர் கொண்டுவந்தார்கள்? இறைப்பு இயந்திரம் இல்லாமல் அது எப்படி ஓடியது?

மேலே சொன்ன ஊற்றின் நீர் கோடையில் குறைந்துவிடும். குளியலகங்களும் நீரூற்றுகளும் கொண்ட பெருநகரமாக விளங்க அது போதவில்லை. ஆகவே உஸேஸ் நகரின் அருகிலுள்ள ஓர் ஊற்றிலிருந்து முதல் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டினார்கள். நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவுதான். இடையில் குன்றுகள் இருந்ததால் அவற்றைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து சென்றது. அதன் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருந்தது.

அந்த முழு நீளத்துக்கும் சரிவு ஏறத்தாழ 12.6 மீட்டர் மட்டும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். இவ்வளவு மென்மையான சரிவில் சிறிது பிழை நேர்ந்தாலும் நீர் தேங்கிவிடும். எளிய மட்டக்கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு அளவையாளர்கள் அதைச் சாதித்தார்கள். கார்தோன் ஆற்றைக் கடக்க ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில் மூன்றடுக்குப் பாலம் எழுந்தது: கீழே 6 வளைவுகள், நடுவில் 11, மேலே இன்று எஞ்சியிருப்பவை 35. கீழ் அடுக்குகளின் பெரும் கற்களை இணைக்கச் சாந்து பயன்படுத்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்துமாறு செதுக்கி அடுக்கினார்கள். சாரம் தாங்க விட்டுவைத்த கல் முனைகள் சுவரிலிருந்து இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

ரோமப் பேரரசு தளர்ந்து பராமரிப்பு நின்றதும், சுண்ணாம்பு படிந்து வாய்க்கால் சிறிது சிறிதாக அடைபட்டது. அந்தப் படிவின் தடிமனை நீர்வழிச் சுவர்களில் பார்க்கலாம்.

ரொமானித்தே அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு ஏற்றதா?

ஏற்றது. 2018இல் அரங்கின் நேர் எதிரே திறக்கப்பட்ட இது, எலிசபெத் த போர்சாம்பார்க் வடிவமைத்தது. ரோமானியரின் தோகா ஆடையின் மடிப்புகளை நினைவூட்டும்படி கண்ணாடித் தகடுகளால் முகப்பை அமைத்திருக்கிறார். 2006–07இல் நகரில் நடந்த அகழாய்வில் கிடைத்த, கிரேக்கப் புராண மன்னர் பென்தியஸின் கதையைக் காட்டும் மொசைக் தரை இங்கே உள்ளது. அதன் முன் பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். பழைய கட்டடங்களைத் திரையில் மீட்டுக் காட்டும் கருவிகளும் பல. கூரைத் தோட்டத்துக்குச் சீட்டு வாங்காமலே ஏறலாம். அரங்கின் முழு வளைவையும் காண அதைவிட நல்ல இடம் இல்லை.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை மிகச் சிறந்தது. ஜூலையும் ஆகஸ்டும் கடும் வெயில். நம்மூர் வெயிலுக்குப் பழகியவர்களும் இதை இலேசாக எண்ணக் கூடாது. 2019 ஜூன் 28 அன்று நீமுக்கு அருகிலுள்ள கலார்க் என்னும் ஊரில் 45.9 பாகை செல்சியஸ் பதிவானது. செப்டம்பர் இனிமையானது, ஆனால் இலையுதிர் காலத்தில் செவேன் மலைச்சரிவில் திடீரென்று பெருமழை கொட்டுவதுண்டு. 1988 அக்டோபர் 3 அன்று அப்படிப் பெய்த மழையால் நகரத் தெருக்களிலேயே வெள்ளம் பாய்ந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்த நாளில் ஆற்றோரத்துக்கோ பாலத்துக்கோ செல்லாதீர்கள்.

வசந்தத்தில் அரங்கில் நடக்கும் ரோமானிய நாள்கள் விழாவில் பழைய உடைகளும் படைகளும் அணிவகுப்புகளும் மீட்டுக் காட்டப்படுகின்றன. பிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துப் பயணத்தை அமைக்கலாம்.

அரங்கில் இப்போதும் காளைகளைக் கொல்கிறார்களாமே? அந்த நாள்களில் போய்ச் சிக்கிக்கொள்ள விருப்பமில்லை.

ஆம், நடக்கிறது. பிரெஞ்சுச் சட்டம் விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தண்டிக்கிறது. இடையறாத உள்ளூர் மரபு இருக்கும் பகுதிகளில் காளைச் சண்டைக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. நீமில் 1952 முதல் பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஃபெரியா என்னும் பெருவிழா நடக்கிறது. செப்டம்பரில் திராட்சை அறுவடைக் காலத்தில் இன்னொன்று. அந்த நாள்களில் நகரம் நிரம்பி வழியும், விடுதி விலை ஏறும், அரங்கைச் சுற்றிப் பார்க்கவும் முடியாது. இதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால் அந்த வாரங்களைத் தவிர்க்கும்படியே எல்லோரிடமும் சொல்கிறேன்.

காமார்க் பந்தயம் என்பது வேறு. அதில் காளையைக் கொல்வதில்லை. வெள்ளை உடை அணிந்த இளைஞர்கள், காளையின் கொம்புகளுக்கிடையே கட்டிய சிறு துணியையும் நூல்களையும் பறிக்க ஓடுகிறார்கள். கொம்பில் கட்டிய காசை அவிழ்க்கும் நம் சல்லிக்கட்டை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். கோடை இசை நிகழ்ச்சிகளின்போதும் அரங்கின் ஒரு பகுதி மூடப்படும் என்பதால், எந்தப் பருவமானாலும் நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

நீமின் பெயர்பெற்ற உணவான பிராந்தாத், பார்வைக்கு உருளைக்கிழங்கு மசியல் போலத் தோன்றும். ஆனால் அது உப்பிட்ட மீனை ஆலிவ் எண்ணெயில் மசித்தது. சிறு பத்தே என்னும் உருண்டைப் பலகாரத்தில் இறைச்சி இருக்கும். நகர மையத்திலுள்ள ஆல் என்னும் மூடிய சந்தையில், காலை வேளையில், பிஷோலின் ஆலிவ், பெலார்தோன் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, பழம், ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஆலிவ் விழுதில் நெத்திலி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டு வாங்குங்கள். உணவகங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சமையலறையை மூடிவிடும். மாலை ஏழு மணி வரை சூடான உணவு எளிதில் கிடைக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரை அழைத்து வரலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள். எதைத் தவிர்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். தூர் மான்ய் கோபுரத்துக்குக் குன்றும் ஏற வேண்டும், உள்ளே ஒடுங்கிய சுழற்படிகளும் ஏற வேண்டும்; அது வேண்டாம். அரங்கின் படிகள் உயரமும் சமமின்மையும் கொண்டவை. தரைத்தள நடைவழியும் கீழ் வரிசைகளும் அவருக்குப் போதும். பூங்காவின் கீழ்ப்பகுதி, மெசோன் கார்ரே சதுக்கம் இரண்டும் சமதளம். அருங்காட்சியகத்தில் மின்தூக்கி உண்டு.

நீம் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பொன் து கார் 1985இலேயே சேர்க்கப்பட்டது. நகரத்தின் வரலாற்று மையத்தை முழுமையாகச் சேர்க்க 2018இல் செய்த முயற்சி நிறைவேறவில்லை. பிறகு மெசோன் கார்ரேயை மட்டும் முன்வைத்தார்கள். 2023 செப்டம்பரில் அது ஏற்கப்பட்டது. அரங்கு தனியாகப் பட்டியலில் இல்லை. அதனால் அதன் மதிப்பு எவ்விதத்திலும் குறையவில்லை என்பது என் கருத்து.

நாம் பார்ப்பதில் எவ்வளவு உண்மையான ரோமானியக் கல், எவ்வளவு புதுப்பித்தது?

மெசோன் கார்ரேயின் சுவர்களும் தூண்களும் பழையவையே. லென்ஸ் காட்டுப் பகுதியில் வெட்டிய நுண்மையான சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. முகப்புகள் 2006 முதல் 2010 வரை சுத்தம் செய்து சீரமைக்கப்பட்டன. அதனால்தான் அவ்வளவு வெண்மை. கூரை ஓடுகள் நம் காலத்தவை. அரங்கில் பல நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு கலந்திருக்கிறது. இருக்கை வரிசைகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் மாற்றியவை. வெளிவளைவுகளில் நீண்ட காலத் திட்டமாகச் சீரமைப்பு நடந்து வருவதால், ஏதாவது ஒரு பக்கத்தில் சாரம் நிற்கக்கூடும். புதிய கல் வெளிறியும் கூர்மையான விளிம்போடும் இருக்கும். பழைய கல் கறுத்தும் மழையில் அரித்தும் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் பழகிவிடும்.

ஆர்லும் நீமும் அருகருகே இருக்கின்றன. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எது?

ஆர்லில் அரங்கு, நாடக அரங்கு, நிலத்தடி மண்டபங்கள், கல்லறைச் சாலை, கான்ஸ்டன்டைன் குளியலகம் எல்லாம் உண்டு. வான்கோ 1888–89இல் வாழ்ந்த ஊரும் அதுதான். ஓவியத்தையும் ரோமையும் ஒரே நாளில் வேண்டுவோர் ஆர்லுக்குப் போகலாம். கட்டடம் முழுமையாக நிற்பதைப் பார்க்கவும், நீர் வந்த வழியைப் பின்தொடரவும் விரும்புகிறவர்களுக்கு நீம்தான். மூன்றாவதாக ஒரு நாள் கையில் இருந்தால் இந்தத் தேர்வே தேவையில்லை: நீமில் அறையை வைத்துக்கொண்டு, காலை ரயிலில் ஆர்லுக்குச் சென்று மாலையில் திரும்பிவிடலாம். ஆர்லின் பெரிய சந்தை சனிக்கிழமை காலையில் கூடுவதால், முடிந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள்.